இரண்டு கோட் வேப்பெண்ணெய்

நாற்பது வருடம் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன் நான். என் தொழிலில் இரண்டு விதிகள்தான். பெயின்டில் கண்டபடி தண்ணீர் கலப்பவன் திருடன். ஒரே கோட்டோடு ஏணியை மடக்குகிறவன் அந்தத் திருடனுக்குத் தம்பி. இந்த இரண்டையும் நான் ஒருநாளும் மீறியதில்லை. அந்த யோக்கியதையை வைத்துக்கொண்டுதான் என் மனைவியின் ரோஜாச் செடிகளை ஒரே மதியத்தில் பொசுக்கினேன்.

அவள் அறுவை சிகிச்சை வார்டில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் உள்ள முதுகையெல்லாம் துடைத்துவிட்டவள், தன் முதுகில் எறும்பு ஊர்ந்தால்கூட யாரையும் கூப்பிட மாட்டாள். காய்ச்சல் வந்தால் தானே தெர்மாமீட்டர் வைத்து, தானே பார்த்து, தானே மாத்திரை போட்டுக்கொண்டு, எனக்குக் காபியும் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், நான் மாத்திரை டப்பாவைத் தேடி முடிப்பதற்குள் காய்ச்சலே சலித்துப் போய்க் கிளம்பிவிடும் என்பாள். அதில் உண்மை இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

அப்படிப்பட்டவளுக்கு வலது முட்டியை மாற்ற வேண்டியதாயிற்று. ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் என்னைத் தனியாக வெளியே அழைத்தார். அவளோடு அதே வார்டில் வேலை பார்த்தவர், அவளை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்.

"மூணு மாசத்துக்கு அவங்க தரையில முட்டி போடவே கூடாது. அவங்ககிட்ட சொன்னா தலையாட்டுவாங்க, கேக்க மாட்டாங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

தனியாகச் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. உள்ளே போனதும் அவள் கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் என் செடிகளை யார் பார்ப்பது என்பதுதான். வீட்டின் பின்பக்கம் எட்டு ரோஜாச் செடிகள் இருந்தன. தினமும் காலையில் மடித்த சாக்கின்மேல் மண்டியிட்டு, ஒவ்வொரு இலையையும் புரட்டி அடியில் பூச்சி இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பாள். வார்டில் ரவுண்ட்ஸ் போன பழக்கம் விடவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். தையல் பிரிந்துவிடப் போகிறது என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்றது. ஆனால் விஷயம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. திரும்பி வரும்போது செடிகள் நன்றாக இருந்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். நோய்பட்டுக் கிடந்தால் யார் சொன்னாலும் நிற்காமல் மண்ணில் இறங்கி மண்டியிடுவாள், புது முட்டி போய்விடும். ஆக, அவளுடைய முட்டி அப்போது எட்டுச் செடிகளின் கையில் இருந்தது. எட்டுச் செடிகளும் என் கையில் இருந்தன.

எங்கள் வீட்டுக்கு ஏற பதினொரு படிகள். அதனால் அவளை ஐந்து வாரம் அவளுடைய அக்கா வீட்டில் விட்டுவைப்பதென்று முடிவாயிற்று. அங்கே படிகள் கிடையாது, உடற்பயிற்சி சொல்லித்தருபவரும் பக்கத்துத் தெரு. கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னாள், தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், வேரில் ஊற்றுங்கள், இலையில் ஊற்றாதீர்கள், வேறு எதையும் தொடாதீர்கள். செடிகளுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லாததுதான் பாக்கி.

எட்டு நாள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்பதாம் நாள் மொட்டுகளின் கழுத்தில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் தெரிந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் புள்ளிகளுக்குக் கால் இருந்தது. அசுவினி. கடுகை அள்ளி அப்பியது மாதிரி மொட்டுக்கு நூறு இருந்தன. அவளிடம் சொன்னால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவாள். சொல்லக் கூடாது, நாமே முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் எப்போதுமே இப்படி நல்லெண்ணத்தோடுதான் விடுகிறான்.

பின்கட்டு அலமாரியில் அவளுடைய வேப்பெண்ணெய் பாட்டில் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாளி பெயின்டை மூன்று வாளியாக்கி அடித்துவிட்டு, முதல் மழையில் சுவர் அழுததும் காணாமல் போகிற ஆட்களை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். ஐந்து மில்லி என்பது கணக்குக்காக எழுதியது, நம் கை அப்படித் தண்ணி காட்டாது என்று ஒரு லிட்டருக்கு ஒரு டம்ளர் எண்ணெயை ஊற்றினேன். எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மிதந்தது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தாராளமாக விட்டுக் கலக்கியதும் மோர் மாதிரி வந்தது. எனக்குப் பரம திருப்தி.

மாலையில் அடிக்கவும் என்று அதே பொடி எழுத்து சொன்னது. மாலையில் அடித்தால் எப்படிக் காயும்? பதினொரு மணிக்கு, மொட்டை வெயிலில், முதல் கோட் அடித்தேன். ஒரு மணிக்குக் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவது கோட். நாற்பது வருடம் பெயின்ட் அடிக்கும்போது முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் நான் ஏணியில் ஏறியதில்லை. அன்றைக்கு எதையும் போடவில்லை. வேப்பெண்ணெய்தானே, இயற்கைதானே, குழந்தை மருந்து மாதிரி என்று நினைத்தேன். காற்று எதிரே வீசியது. பாதி மருந்து செடிக்குப் போயிற்று, பாதி எனக்கு வந்தது. கண் எரிந்து, தொண்டை கமறி, தும்மித் தும்மி அடித்தேன். விரிந்திருந்த ஒரு பூவுக்குள் ஒரு தேனீ நனைந்துபோய்க் கிடந்தது. அதை விரல்மேல் ஏற்றி வெயிலில் காட்டிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் என்னைத் திட்டுகிற மாதிரி இறக்கையை உதறிவிட்டுப் பறந்து போயிற்று. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இலைகள் எனாமல் அடித்த கதவு மாதிரி பளபளத்த அழகில் நான் மயங்கிப் போயிருந்தேன்.

மறுநாள் காலை இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பாகச் சுருண்டிருந்தது. மாலைக்குள் கறுத்தது. அடுத்த நாள் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கிற்று. எட்டில் ஏழு செடிகளும் அப்படியே. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இருந்த எட்டாவது செடி மட்டும் தப்பித்தது, அதுவும் என் புத்தியால் இல்லை, அதற்கு வருவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டதால். பிழைத்த அசுவினிகள் பெட்டி படுக்கையோடு அந்தச் செடிக்குக் குடிபோயிருந்தன.

அவள் தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டு, செடியைக் காட்டச் சொல்லுவாள். நான் தொட்டி ஓரத்துச் செடியைக் காட்டினேன். முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை, குனிந்து ஒருமுறை, எட்டு தடவை காட்டினால் எட்டுச் செடி ஆயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். நாலு நாள் மறைத்தேன். ஐந்தாம் நாள் அவள் ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"ஏங்க, அந்தச் செடியில இடது பக்கம் ஒரு கிளை வளைஞ்சு இருக்கும். என்கிட்ட எட்டு வளைஞ்ச கிளை கிடையாது. போனைத் திருப்புங்க."

திருப்பினேன். கறுத்த ஏழு செடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், இரண்டாவது கோட் உட்பட. உடனே கிளம்பி வருகிறேன் என்றாள். அவளுடைய அக்கா பின்னாலிருந்து கத்துவது கேட்டது. மூன்று வாரம் எனக்குக் கொடு, நானே சரி பண்ணிவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் எதையும் கேக்கறதில்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். போனை வைத்த பிறகு பின்கட்டுப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவளுடைய பொருள் ஒன்று முழுசாக என் பொறுப்பில் வந்தது, அதை நான் வறுத்துக் கொடுத்தேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அக்கா எப்படியோ அவளைப் பிடித்து நிறுத்தியதால் அந்த மூன்று வாரம் எனக்குக் கிடைத்தது.

மறுநாள் நாலு கருகிய இலைகளைத் தாளில் பொதிந்துகொண்டு செடிக்கடைக்குப் போனேன். கடைக்காரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், யார் அடித்தது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரு ஆள், இயற்கைதானே என்று வேப்பெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக அடித்துவிட்டார் என்றேன்.

"அந்த ஆளுக்கு இன்னும் கண்ணு செவந்துதான் இருக்கு" என்றாள். "இயற்கைன்னா சாதுன்னு யாரு சார் சொன்னது? பாம்பும் இயற்கைதான்."

பெயின்டர் என்று நான் ஒத்துக்கொண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரை மூடத்தான் பெயின்ட், இலையை மூடினால் அது மூச்சு முட்டிச் சாகும், அதிலும் எண்ணெய் பூசி வெயிலில் வைத்தால் பொரியாமல் என்ன செய்யும் என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தது. இப்போதைக்கு எந்த மருந்தும் வேண்டாம், இரண்டு நாள் விடிகாலையில் வெறும் தண்ணீரால் இலையின் இரண்டு பக்கமும் கழுவுங்கள், உதிர்ந்ததைப் பொறுக்குங்கள், கிளையை வெட்டாதீர்கள், வேருக்குத் தண்ணீர் விட்டுவிட்டுச் சும்மா இருங்கள் என்றாள். சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். சுவருக்குப் பட்டி பூசினாலும் நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும், செடி பத்து நாள் எடுத்துக்கொண்டது.

பத்தாம் நாள் கறுத்த கிளை ஒன்றின் கணுவில் சிவப்பாக, அரிசி முனை அளவுக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்துச் செடியில் மூன்று. நான் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமே இல்லை, அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு செடிகள் துளிர்த்தன. எல்லாவற்றிலும் உயரமாக, கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டிருந்த நடுச் செடி மட்டும் துளிர்க்கவே இல்லை. அதை நானே வேரோடு பிடுங்கினேன்.

துளிருக்கு வாசனை உண்டோ என்னவோ, தொட்டி ஓரத்திலிருந்து அசுவினிகள் விருந்துக்கு வந்துவிட்டன. இந்த முறை பாட்டில் பக்கமே போகவில்லை. கடைக்காரி சொன்னபடி, துளிருக்குப் பின்னால் ஒரு கையை அணை கொடுத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீரைப் பீச்சினேன். மூன்று காலை அப்படிச் செய்ததில் முக்கால்வாசி போயிற்று. ஒரு செடியில் பொறிவண்டு ஒன்று உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது இருந்த செடியை அதன் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன், என்னைவிட அதற்கு வேலை தெரியும். மற்ற செடிகளில் இருந்ததுதான் போக மறுத்தது.

கடைசியில் மருந்துதான் என்றானதும், ஒரு புது பாட்டில் வாங்கிவந்து, அவளுடைய அலமாரியிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்து ஐந்து மில்லி அளந்தேன். ஒரு சொட்டுகூட ஐந்தைத் தாண்டவில்லை. சோப்பு சில துளி. ஒரு லிட்டர் தண்ணீரில் குலுக்கியபோது அது எனக்குப் பச்சைத் தண்ணீராகத்தான் தெரிந்தது. என் கையால் இவ்வளவு நீர்த்த சரக்கை அடிப்பதா என்று நெஞ்சு குமைந்தது. அதோடு நின்றதா? முதலில் ஒரே ஒரு சின்னக் கிளையில் மட்டும் அடித்து, அடையாளத்துக்கு நூல் கட்டி, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நான் மணிக்கு ஒருதரம் போய் அந்தக் கிளையை விசாரித்தேன். கருகவில்லை. குலுக்கி வைத்த பழைய கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன்.

வெயில் சாய்ந்து, தேனீக்கள் வீட்டுக்குப் போன பிறகு, முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு நூலைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். செடிக்கு என்ன கலர் அடிக்கிறீர்கள் என்று தையல்காரர் மதிலுக்கு மேலிருந்து கேட்டார். பச்சைதான், ஒரே கோட் என்றேன்.

பூச்சி இருப்பது இலைக்கு அடியில். இலைக்கு அடியில் அடிக்க வேண்டுமென்றால் மண்டியிடாமல் முடியாது. அவளுடைய சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டேன். முதல் செடியிலேயே இரண்டு முட்டியும் கடகடவென்று சொல்லிற்று. மூன்றாவது செடியில் மதிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இதைத்தான் அவள் தினமும், தேய்ந்த முட்டியோடு, ஒரு முனகல் இல்லாமல் செய்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்திருக்கிறேன். வலித்ததா என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவள் யாரையும் கேட்க மாட்டாள் என்று ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தேனே, கேட்காமலே எழுந்து போயிருந்தால் என்ன?

மூன்று நாளில் அசுவினிகள் அடங்கின. துளிர்கள் அப்படியே இருந்தன.

சொன்ன நாளில் அவள் வந்தாள். பதினொரு படிகளையும் ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கைப்பிடி என்று தானே ஏறினாள். என் கையைத் தள்ளிவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். நான் போட்டு வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தாள், ஆனால் உட்காரவில்லை. எண்ணினாள்.

"ஏழு" என்றாள்.

நடுச் செடி போய்விட்டது என்றேன். அந்த வெறும் குழியைப் பார்த்தாள்.

"அது எப்பவுமே நோஞ்சான்தான்" என்றாள்.

அது நோஞ்சான் இல்லை. எட்டிலும் திடமானது அதுதான், அவளுக்கு உயிரானதும் அதுதான். எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிக்கொண்டு, குழாயைத் திறந்து வாளியைப் பிடிக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

அவள் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிச் செடியிடம் நின்றாள். ஊன்றுகோலின் நுனியால் கீழ்க்கிளையைத் தூக்கிப் பார்த்தாள், இலை கோலிலிருந்து நழுவிற்று. மறுபடி தூக்கினாள், மறுபடி நழுவிற்று. ஊன்றுகோலை மதிலில் சாய்த்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பின்னால் நகர்த்தினாள். எனக்கு அந்த அசைவு தெரியும். அடுத்தது மண்டியிடுவதுதான். வேண்டாம் என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் வீம்புக்கே இறங்கிவிடுவாள். வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வாரம் நான் செய்ததெல்லாம் வீண், டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அப்படியே நின்றாள். மண்ணைப் பார்த்தாள். துளிரைப் பார்த்தாள். பின்னால் போன காலை மெதுவாக முன்னால் கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "கொஞ்சம் இங்க வாங்களேன். கீழ் இலையில ஒரு கரும்புள்ளி மாதிரி தெரியுது. எனக்குக் குனிய முடியல. நீங்க பாத்துச் சொல்றீங்களா?"

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என்னிடம் அவள் முதன்முதலாக உதவி கேட்டது அன்றைக்குத்தான். குழாயைக்கூட மூடாமல் ஓடினேன். மண்ணில் மண்டியிட்டு, இலையைப் புரட்டிப் பார்த்தேன். புள்ளி இருந்தது, ஒரே இலையில். இருக்கிறது என்றேன். என்ன மருந்து அடிக்கலாம் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அந்த ஒரு இலையை மட்டும் கிள்ளிப் பையில் போடுங்கள், மண்ணில் போடாதீர்கள், மருந்து எதுவும் வேண்டாம் என்றாள். கிள்ளினேன். பிறகு அடுத்த செடியைக் காட்டினாள். எழுந்து போய் மறுபடி மண்டியிட எனக்குத் தெம்பு இல்லை. அதனால் முட்டியாலேயே நகர்ந்து போனேன், அவள் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.